உத்தரமேரூர்ச் சபையும் கணக்குக் காட்டாதவர்களும்

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே உள்ள உத்தரமேரூரில், இன்று வைகுந்தப் பெருமாள் கோயில் என்று வழங்கும் மண்டபத்தின் சுவர்களில், முதற் பராந்தக சோழனுடைய 12-ஆம் ஆட்சியாண்டிலும் 14-ஆம் ஆட்சியாண்டிலும், அதாவது ஏறத்தாழக் கி.பி. 919-லும் 921-லும், அவ்வூர் மகாசபையார் செய்துகொண்ட இரண்டு விவஸ்தைகள் (விதி ஏற்பாடுகள்) பொறிக்கப்பட்டிருக்கின்றன என்பதைப் பள்ளிக்கூடத்துச் சரித்திர பாடத்தில் படிக்காத தமிழர் அநேகமாக இருக்கமாட்டார்கள். குடம், ஓலை, ஓலையை எடுக்கும் சிறுவன் ஆகிய மூன்றும் நம் நினைவில் நின்றுவிட்டன. ஜனநாயகம் என்பது மேல்நாட்டார் நமக்குக் கற்றுக்கொடுத்தது அன்று, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எங்கள் கிராமங்களில் தேர்தல் நடந்தது என்று மேடைதோறும் சொல்லிப் பெருமைப்படுகிறோம். அந்தப் பெருமையைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஆயினும் அந்தச் சாஸனங்களை முழுவதும் ஊன்றிப் படிப்பவருக்கு வேறொரு விஷயம் விளங்கும்: யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதைவிட, யாரைத் தேர்ந்தெடுக்கவே கூடாது என்பதைப் பற்றியே சபையார் அதிகக் கவலை கொண்டிருந்தார்கள். அந்த விலக்கப்பட்டவர்களின் வரிசையில் கொலைகாரனுக்கும் திருடனுக்கும் முன்பாக, முதல் ஆளாக நிறுத்தப்பட்டிருப்பவன், வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவன்.

ஊரின் வரலாற்றைச் சிறிது தெரிந்துகொண்டால்தான் இந்தக் கவலையின் காரணம் புரியும். பல்லவ மன்னன் இரண்டாம் நந்திவர்மனுடைய காலத்தில், எட்டாம் நூற்றாண்டில், வேதம் வல்ல பிராமணர்களுக்குப் பிரமதேயமாக அளிக்கப்பட்ட ஊர் இது; சாஸனங்களில் உத்தரமேரு சதுர்வேதிமங்கலம் என்று பெயர் பெற்றுக் காலியூர்க் கோட்டத்தில் தனிக்கூறாக விளங்கியது. ஆற்றை நம்பிப் பயிரிட முடியாத தொண்டை நாட்டில் ஏரிதான் உயிர். உத்தரமேரூருக்கும் வைரமேக தடாகம் என்ற பேரேரி வாய்த்திருந்தது. அதில் ஆண்டுதோறும் படியும் வண்டலை அகற்றுவதற்கென்று பொன்னும் நிலமும் தானமாகக் கொடுத்தவர்கள் உண்டு. அந்தப் பொன்னை வாங்கி, வட்டிக்கு விட்டு, வருவாயில் வேலையை நடத்தி, கரையைக் காத்து, மடையைத் திறந்து மூடி நீரைப் பங்கிட்டுக் கொடுக்கும் பொறுப்பு ஏரி வாரியத்தாருடையது. தோட்டங்களைக் கவனிக்கத் தோட்ட வாரியம், ஊர்க் காரியங்களை மேற்பார்வையிட சம்வத்சர வாரியம், பொன்னின் மாற்றுப் பார்க்கப் பொன் வாரியம், வரி சம்பந்தமான பஞ்சவார வாரியம் என்று வேறு வாரியங்களும் இருந்தன. ஆக, நிலமும் நீரும் பொன்னும் வரியும் ஊராரில் சிலருடைய கைகளின் வழியாக ஓயாமல் சென்றுகொண்டிருந்த இடம் அது. பொதுப்பணம் எங்கே புழங்குகிறதோ அங்கே அதைத் தன் பணமாக்கிக்கொள்ளும் ஆசையும் புகும் என்பதை அந்தச் சபையார் அநுபவத்தில் கண்டிருக்க வேண்டும்.

இந்த என் ஊகத்துக்கு வலுவான ஆதாரம், சாஸனம் ஒன்றாக இல்லாமல் இரண்டாக இருப்பதே. 12-ஆம் ஆண்டில் தத்தனூர் மூவேந்தவேளான் என்ற அரசாங்க அதிகாரி உடனிருக்க, சபையார் கூடி, வாரியங்களுக்குக் குடவோலை மூலம் ஆள் எடுப்பது எப்படி என்று ஒரு விவஸ்தை செய்தார்கள். அது சுருக்கமானது. இரண்டே ஆண்டுகள் கழித்து, சோழ நாட்டுப் புறங்கரம்பை நாட்டைச் சேர்ந்த சோமாசிபெருமான் என்ற மற்றோர் அதிகாரி அரசனுடைய ஆணையோடு வந்து உடனிருக்க, அதே சபை மறுபடியும் கூடி, பழைய விதிகளைத் திருத்தி, ஒவ்வொரு துவாரமாக அடைத்துக்கொண்டு போவதுபோல் விரிவான புதிய விவஸ்தை ஒன்றைச் செய்தது. துஷ்டர்கள் அழிந்து நல்லவர்கள் ஓங்க வேண்டும் என்பதே இதன் நோக்கம் என்று சாஸனமே வெளிப்படையாகக் கூறுகிறது. கல்லில் வெட்டி வைத்த விதியை இரண்டு ஆண்டுக்குள் மாற்றுவது எளிய காரியமன்று. முதல் விதியின் கீழ் ஏதோ ஒன்று கெட்டுப்போயிருக்கிறது. யாரோ சிலர் அந்த விதியின் எழுத்தை மீறாமலே அதன் பொருளைத் தோற்கடித்திருக்கிறார்கள். அவர்களுடைய பெயர்களைச் சபையார் கல்லில் எழுதவில்லை. ஆனால் இரண்டாம் சாஸனத்தின் விலக்கு விதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால், அந்த மனிதர்கள் செய்தது என்ன என்பதை ஓரளவு உய்த்துணரலாம்.

முதலில் தகுதிகளைப் பார்ப்போம். கால் வேலிக்கு மேற்பட்ட, வரி செலுத்தும் நிலம் உடையவனாய் இருக்க வேண்டும். தன் சொந்த மனையில் வீடு கட்டிக்கொண்டு குடியிருக்க வேண்டும். வயது 35-க்கு மேல் 70-க்கு உட்பட்டு இருக்க வேண்டும். முதல் சாஸனத்தில் இது 30-க்கு மேல் 60-க்கு உட்பட்டு என்று இருந்தது. மந்திர பிராமணத்தைப் பிறருக்கு ஓதுவிக்கும் அளவுக்குக் கற்றிருக்க வேண்டும்; ஒரு வேதமும் பாஷ்யங்கள் நான்கில் ஒன்றும் வியாக்கியானம் செய்யும் வல்லமை உள்ளவனாயின் அரைக்கால் வேலி நிலமே போதும். கல்விக்காகச் சொத்துத் தகுதியைப் பாதியாகக் குறைத்திருக்கிறார்கள். அவ்வாறு தகுதி பெற்றவர்களிலும் காரியத்தில் நிபுணராய், நேர்வழியில் பொருள் ஈட்டியவராய், மனத் தூய்மை உள்ளவராய், கடந்த மூன்று ஆண்டுகளில் எந்த வாரியத்திலும் இராதவராய் இருப்பவர்களுடைய பெயர்களையே ஓலையில் எழுத வேண்டும். பதவியில் இருப்பது 360 நாள். அதன்பின் இறங்கிவிட வேண்டும். ஒருவன் தொடர்ந்து அமர்ந்தால் கணக்கும் அவனோடு அமர்ந்துவிடும் என்பதை அறிந்த விதி இது.

அடுத்து வருவன விலக்குகள். எந்த வாரியத்தில் இருந்தாலும் கணக்குக் காட்டாமல் இருந்தவனுடைய பெயரை ஓலையில் எழுதக்கூடாது. அவன் பெயரை மட்டுமா? அவனுடைய சிற்றன்னை, பேரன்னை மக்கள், அத்தையின் மக்கள், மாமனின் மக்கள், தாயோடு பிறந்த மாமன், தந்தையோடு பிறந்தவன், தன்னோடு பிறந்தவன், பெண் கொடுத்த மாமனார், மைத்துனன், சகோதரியின் கணவன், சகோதரியின் மக்கள், மகளை மணந்த மருமகன், தகப்பன், மகன் என்று நீளும் பட்டியல் முழுவதும் கல்லில் இருக்கிறது. சட்டம் எழுதுபவர்கள் பொதுவாக நெருங்கிய உறவினர் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். 12-ஆம் ஆண்டு விவஸ்தை ஏறக்குறைய அப்படித்தான் செய்தது. இரண்டாம் முறை சபையார் அப்படி விடவில்லை. ஒவ்வோர் உறவுமுறையையும் தனித்தனியே பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். இந்த விரிவுக்குக் காரணம் பாண்டித்தியம் அன்று, பட்ட அநுபவம் என்றே நான் கருதுகிறேன். கணக்குக் காட்டாத ஒருவன் அடுத்த ஆண்டு தன் மைத்துனனுடைய பெயரில் வாரியத்துக்குள் வந்திருக்கிறான். மைத்துனனைத் தடுத்தபோது மருமகன் வந்திருக்கிறான். நெருங்கிய உறவு என்றால் எதுவரை என்று மண்டபத்தில் நெடுநேரம் விவாதம் நடந்திருக்கிறது. அந்த விவாதத்தை இனி ஒருவரும் எழுப்பக்கூடாது என்பதற்காகத்தான் கல்தச்சன் அத்தனை உறவுகளையும் உளி கொண்டு வெட்டினான்.

கணக்குக் காட்டாதவனுக்கு அடுத்தபடியாகத்தான் மகாபாதகங்கள் ஐந்தில் முதல் நான்கைச் செய்தவர்களும் அவர்களுடைய உறவினரும், பிறர் பொருளைக் கவர்ந்தவர்களும், சாகசிகளும், ஊருக்கு முள்ளாய் இருந்தவர்களும், கழுதை மேல் ஏறியவர்களும், பொய்ப்பத்திரம் எழுதியவர்களும் விலக்கப்படுகிறார்கள். இவர்களுள் பலர் பிராயச்சித்தம் செய்து சுத்தர் ஆனாலும்கூட, உயிர் உள்ளவரை அவர்களுடைய பெயர் குடவோலைக்கு எழுதப்படலாகாது. தர்ம சாஸ்திரத்தில் தோய்ந்த ஒரு பிராமண சபை இப்படி விதித்தது மிகவும் கவனிக்கத்தக்கது. பிராயச்சித்தத்தால் பாவம் நீங்கும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. அதைப் பிறருக்குப் போதித்தவர்களும் அவர்களே. இருந்தும், பாவம் நீங்கிப் பந்தியில் உட்காரலாம், ஆனால் ஊர்ப் பணத்தின் பக்கத்தில் உட்காரக்கூடாது என்று மோக்ஷத்துக்குரிய நியாயத்தையும் நிர்வாகத்துக்குரிய நியாயத்தையும் தெளிவாக வேறு பிரித்திருக்கிறார்கள்.

இப்போது குடத்துக்கு வரலாம். ஊர் முப்பது குடும்புகளாக, அதாவது வட்டங்களாக, பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உடையவர்களின் பெயர்களைத் தனித்தனி ஓலைகளில் எழுதி, அவற்றைக் கட்டாகக் கட்டி, இன்ன குடும்பு என்று தெரிவிக்கும் வாயோலை ஒன்றைப் பூட்டி, முப்பது கட்டுகளையும் ஒரு குடத்தில் இடுவார்கள். குடவோலை எடுக்கும் நாளில் பாலர் முதல் விருத்தர் வரை மகாசபை முழுவதும் கூட வேண்டும். அன்று ஊரில் இருக்கும் கோயில் பூசகரான நம்பிமார் ஒருவர் விடாமல் உள்மண்டபத்தில் சபையோடு அமர்ந்திருக்க வேண்டும். அவர்களுள் வயதில் மூத்தவர் எழுந்து, எல்லோரும் காணும்படி குடத்தை உயரத் தூக்கி நிற்பார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத, பக்கத்தில் நிற்கும் ஒரு பாலகனைக்கொண்டு ஒரு கட்டை எடுக்கச் செய்வார். அந்தக் கட்டைப் பிரித்து வேறொரு வெறுங்குடத்தில் இட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை அதே பாலகன் எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுப்பான். மத்தியஸ்தன் அதை ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையிலேயே ஏற்க வேண்டும். அவன் வாசித்த பிறகு, உள்மண்டபத்தில் இருக்கும் நம்பிமார் அனைவரும் அந்த ஓலையை வாங்கி ஒவ்வொருவராக வாசிக்க வேண்டும். அதன் பின்னரே அந்தப் பெயர் ஏற்கப்படும்.

விரல்களை விரித்துக்கொண்டு ஓலையை வாங்க வேண்டும் என்ற விதியைப் படிக்கும்போதெல்லாம், அந்தச் சபையார்மீது எனக்கு உண்டாகும் மதிப்பு அளவிடற்கரியது. விரல் இடுக்கில் வேறோர் ஓலையை மறைத்து வைத்திருந்து, எடுத்ததற்குப் பதிலாக அதை வாசிக்க முடியும் என்பது முன்பு ஒருமுறையாவது நடந்திராமல் யாருக்குத் தோன்றும்? மத்தியஸ்தன் ஊரார் நம்பி அமர்த்திய மனிதன். அவன் பொய் சொல்ல மாட்டான் என்று விட்டுவிடாமல், அவனை நம்ப வேண்டிய அவசியமே ஏற்படாதபடி செய்திருக்கிறார்கள். வாசித்த பெயரை அத்தனை நம்பிமாரும் திரும்ப வாசிக்க வேண்டும் என்பதும் அதே காரணத்தால்தான். வெனிஸ் நகரத்தில் 1268 முதல் தலைவரைத் தெரிந்தெடுத்த முறையிலும், தெருவில் அகப்பட்ட ஒரு சிறுவனை அழைத்துவந்து சீட்டுருண்டைகளை எடுக்கச் செய்தார்கள் என்று வரலாறு கூறுகிறது; ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு நாட்டார், கறைபடாத கை வேண்டுமானால் குழந்தையின் கையே வேண்டும் என்ற ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

இந்த முறை தமிழகத்தில் சோழர் காலத்துக்கும் முந்தியது. அகநானூற்றின் 77-ஆம் பாட்டு, போர்க்களத்தில் பருந்துகள் வீரர்களின் குடலை இழுக்கும் காட்சிக்கு, கயிற்றால் பிணித்த குடத்தின் முத்திரையை நீக்கி ஆவண மாக்கள் ஓலையை எடுப்பதை உவமையாகச் சொல்கிறது. கேட்பவருக்கு உடனே விளங்கும் காட்சியையே புலவர் உவமையாக எடுப்பார். ஆகவே சங்க காலத்து மக்களுக்கு அது பழகிய காட்சி என்று கொள்ளலாம்.

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். இது இக்காலத்துத் தேர்தல் அன்று. யாரும் யாருக்கும் வாக்களிக்கவில்லை. தகுதி உள்ளவர்களின் பெயர்களை வகுத்து எழுதிவிட்டு, அவர்களுள் இன்னார் என்பதைத் திருவுளச் சீட்டுக்கு விட்டார்கள். அதனால் பிரசாரம் செய்யவும், பணம் கொடுக்கவும், கட்சி கட்டவும் இடமில்லாமல் போயிற்று. யாருக்குச் சீட்டு விழும் என்று தெரியாதபோது யாருக்குப் பணம் கொடுப்பது? பழைய ஆதென்ஸ் நகரத்தாரும் பெரும்பாலான அதிகாரிகளைச் சீட்டெடுத்தே நியமித்தார்கள் என்பதும், பதவி முடிந்தவுடன் ஒவ்வோர் அதிகாரியும் தணிக்கையாளர் முன் கணக்கு ஒப்புவித்தாக வேண்டும் என்று விதித்திருந்தார்கள் என்பதும் இங்கே நினைவுக்கு வருகின்றன. சீட்டெடுப்பும் கணக்குக் கேட்பும் இரண்டு ஊர்களிலும் இணைந்தே இருந்தன. அதிர்ஷ்டத்தால் பதவிக்கு வந்தவனிடம் கணக்குக் கேட்பதற்கு ஒருவரும் கூச்சப்பட வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கான மக்கள் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள், என்னைக் கேட்க நீ யார் என்று அவனால் சொல்ல முடியாது.

இவ்வாறு குடும்புக்கு ஒருவராக முப்பது பேர் கிடைத்த பிறகு, அவர்களுள் முன்பே தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்து தேர்ந்த, கல்வியிலும் வயதிலும் முதிர்ந்த 12 பேர் சம்வத்சர வாரியத்துக்கும், எஞ்சியவர்களுள் 12 பேர் தோட்ட வாரியத்துக்கும், 6 பேர் ஏரி வாரியத்துக்கும் அமைவார்கள். சிறிய பொறுப்பில் தேறாதவனுக்குப் பெரிய பொறுப்பு இல்லை. வாரியத்தில் இருக்கும்போதே குற்றம் கண்டுபிடிக்கப்பட்டால் உடனே நீக்கப்படுவான்; 360 நாள் முடியட்டும் என்று காத்திருப்பதில்லை.

கணக்கு எழுதும் கணக்கர்களையும் சபையார் மறக்கவில்லை. நேர்வழியில் பொருள் ஈட்டியவனே கணக்கு எழுத வேண்டும். தான் எழுதிய காலத்துக்குரிய கணக்கைப் பெருமக்களிடம் காட்டி, சுத்தன் என்று முடிவு பெறும் வரையில், எந்தக் கணக்கனும் மறுபடி அந்த வேலைக்கு வரக்கூடாது. தான் எழுதிய கணக்கைத் தானே வந்து காட்ட வேண்டும். வேறொரு கணக்கன் புகுந்து அதை முடித்துவைக்கக் கூடாது. இந்தக் கடைசி விதியின் நுட்பத்தை ஊராட்சி அலுவலகங்களோடு பழகிய எவரும் உணர்வர். முறைகேடு வெளிப்படும்போது, அப்போதிருந்தவர் மாற்றலாகிப் போய்விட்டார், நான் புதிதாக வந்தவன் என்ற பதில் கிடைப்பதும், புதிதாக வந்தவர் பழைய ஏட்டை எப்படியோ கூட்டிக் கழித்துச் சரிக்கட்டிவிடுவதும் நம் காலத்தில் எத்தனை முறை நடந்திருக்கின்றன! அந்த ஒரு வழியைப் பத்தாம் நூற்றாண்டிலேயே கண்டு அடைத்திருக்கிறார்கள்.

சபை நடவடிக்கை பற்றிய இத்தகைய அக்கறை உத்தரமேரூருக்கு மட்டும் உரியதன்று. திருநெல்வேலிச் சீமை மானூரில், பாண்டியர் காலத்தில், இதற்கும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் முந்திச் செய்யப்பட்ட சாஸனம் ஒன்று உண்டு. சபையில் யார் பங்குகொள்ளலாம் என்பதற்குச் சொத்தும் கல்வியும் நல்லொழுக்கமும் கேட்கும் அந்தச் சாஸனம், எந்தக் காரியம் வந்தாலும் அல்ல, அல்ல என்று மறுத்துக் குழப்பம் செய்பவர்களுக்கும் அவர்களுக்குத் துணைநிற்பவர்களுக்கும் ஐந்து காசு தண்டம் விதிக்கிறது. நியாயமான எதிர்ப்பையும் இந்த விதி அடக்கியிருக்கக் கூடுமோ என்ற ஐயம் எனக்கு உண்டு. ஆயினும் சபையைச் செயலற்றதாக்குவதும் ஊருக்குச் செய்யும் துரோகமே என்று அவர்கள் கருதியிருக்கிறார்கள்.

இனி, இந்தச் சாஸனங்களைப் போற்றுவோர் பலரும் விரைந்து கடந்துவிடும் பகுதிக்கு வருகிறேன். நிலத்தையும் வேதத்தையும் தகுதியாக வைத்தபோது, அந்த நிலத்தை உழுதவர்களும், ஏரியின் வண்டலைச் சுமந்தவர்களும், பெண்கள் அனைவரும் குடத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். தாழ்ந்தவர் என்று கருதப்பட்டவர்களோடு பழகியவன்கூடப் பிராயச்சித்தம் செய்யும்வரை விலக்கப்பட்டான். வெளியே இருந்தவர்களுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை இல்லை; அவர்களுடைய உழைப்பு எந்த ஏட்டில் எப்படி எழுதப்பட்டது என்பதும் கல்லில் இல்லை. ஒரு சிறு கூட்டத்தார் தம்முள் ஒருவரை ஒருவர் ஏமாற்றாமல் இருக்கச் செய்துகொண்ட மிக உயர்ந்த ஏற்பாடு இது. ஊர் முழுவதற்கும் பொறுப்புக் கூறும் ஏற்பாடு அன்று.

அரசியல் நிர்ணய சபையில் இந்த இரண்டு பார்வைகளும் நேருக்கு நேர் சந்தித்தன. 1948 நவம்பர் 4-ஆம் தேதி, அரசியலமைப்பின் வரைவை முன்வைத்துப் பேசிய டாக்டர் அம்பேத்கர், கிராம சமுதாயத்தைப் புகழ்வோரைக் கடுமையாகக் கண்டித்து, கிராமம் என்பது அறியாமைக்கும் குறுகிய மனப்பான்மைக்கும் வகுப்புவாதத்துக்கும் உறைவிடம் என்றார். அதே மாதத்தில், கிராமப் பஞ்சாயத்துகளைப் பற்றிய ஷரத்தை விவாதித்தபோது, ஆந்திர கேசரி டி. பிரகாசம் எழுந்து, உத்தரமேரூர்க் கல்வெட்டை நினைவூட்டி, ஓலையே வாக்குச்சீட்டாகவும் குடமே வாக்குப்பெட்டியாகவும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இருந்ததைச் சபைக்கு எடுத்துச்சொன்னார். இருவரும் உண்மையைச் சொன்னார்கள் என்பதே என் துணிபு. பிரகாசம் கல்லில் எழுதியிருந்ததைப் பார்த்தார். அம்பேத்கர் கல்லில் எழுதாமல் விடப்பட்டவர்களைப் பார்த்தார். பஞ்சாயத்துகளை அமைக்க அரசு முயலவேண்டும் என்ற 40-ஆம் ஷரத்து பிறந்தது. ஆனால் அது நெறிகாட்டும் கோட்பாடாக மட்டுமே இருந்ததால், 73-ஆம் திருத்தம் 1993 ஏப்ரல் 24-ல் அமலுக்கு வரும்வரை, பஞ்சாயத்துத் தேர்தலை நடத்துவதும் நடத்தாமல் விடுவதும் மாநில அரசுகளின் விருப்பத்தைப் பொறுத்தே இருந்தன.

அந்தத் திருத்தத்தை ஒட்டி 1994-ல் தமிழகத்தில் சட்டம் இயற்றப்பட்டு, 1996-ல் தேர்தல் நடந்தபோது, பழைய குடத்துக்கு வெளியே நின்றவர்களுக்கென்று தலைவர் பதவிகள் ஒதுக்கப்பட்டன. அம்பேத்கர் கூறியது எவ்வளவு உண்மை என்பது அப்போது வெளிப்பட்டது. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களிலும் விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்காச்சியேந்தலிலும் தாழ்த்தப்பட்டவர் ஒருவர் தலைவராவதைப் பொறாத ஆதிக்க சாதியினர், வேட்புமனு வராமல் தடுத்தும், வென்றவரை உடனே ராஜிநாமா செய்யவைத்தும், 2006 வரையில் பத்தாண்டுகள் ஊராட்சியே நடக்கவொட்டாமல் செய்தார்கள். மேலவளவில் தேர்தலில் நின்று வென்ற தாழ்த்தப்பட்ட தலைவரும் அவருடன் இருந்தவர்களும் 1997 ஜூன் 30-ல் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். வேறு பல ஊர்களில் தலைவர் பதவியைப் பகிரங்கமாக ஏலம் விட்டு, அதிகத் தொகை தருவதாகச் சொன்னவரைப் போட்டியின்றித் தேர்ந்தெடுத்த செய்திகள் ஒவ்வோர் உள்ளாட்சித் தேர்தலிலும் வந்துகொண்டிருக்கின்றன. கோயில் திருப்பணிக்குத்தானே பணம் போகிறது என்று அதற்குச் சமாதானம் சொல்கிறார்கள். பதவியை விலைக்கு வாங்கியவன் போட்ட முதலை எங்கிருந்து எடுப்பான் என்பதை அந்தச் சமாதானம் மறைக்கிறது.

உறவினரை விலக்கிய விதியை நான் இந்தச் சூழ்நிலையில் வைத்தே எண்ணிப் பார்க்கிறேன். தகப்பன் செய்த குற்றத்துக்கு மகனுடைய உரிமையைப் பறிப்பதை இன்றைய நியாயம் ஏற்காது, ஏற்கவும் கூடாது. நம் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் தேர்தல் செலவுக் கணக்கை உரிய காலத்தில் ஒப்புவிக்காதவரைத் தகுந்த காரணம் இல்லாதபோது மூன்று ஆண்டுகள் விலக்கிவைக்கிறது. அந்த விலக்கு அவரோடு நின்றுவிடுகிறது. அதுவே முறை. ஆனால் உத்தரமேரூரார் கண்ட வியாதி நீங்கிவிடவில்லை. பெண்ணுக்கு ஒதுக்கிய ஊராட்சியில் கணவர் நாற்காலியில் அமர்ந்து கையெழுத்துக்கு மட்டும் மனைவியிடம் ஏட்டை அனுப்புவதும், தானே நிற்க முடியாதபோது தம்பியை நிறுத்துவதும், தன் மைத்துனருக்கே ஒப்பந்த வேலையைக் கொடுப்பதும் ஊர் அறிந்த சங்கதிகள். உரிமையைப் பறிக்காமல் இந்த வியாதியைத் தீர்க்க வேண்டுமானால், யார் அமர்ந்திருந்தாலும் கணக்கு மட்டும் வெளிச்சத்துக்கு வந்தாக வேண்டும்.

அதற்கான இடமும் சட்டத்தில் இருக்கிறது. ஊரின் வாக்காளர் அனைவரும் அங்கத்தினராய் உள்ள கிராம சபை, குடியரசு தினம், தொழிலாளர் தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி ஆகிய நாட்களில் கூட வேண்டும் என்பது தமிழகத்தின் நெடுநாளைய ஏற்பாடு. அண்மையில் மேலும் இரண்டு நாட்கள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. வரவு செலவும் நடந்த வேலைகளும் அங்கே வைக்கப்பட வேண்டும். பல ஊர்களில் இது கையெழுத்து வாங்கும் சடங்காகவே முடிகிறது; கூட்டம் நடந்ததாக எழுதிவைத்து, வீடு வீடாய் ஏட்டைக் கொண்டுசென்று ஒப்பம் பெறுவதும் உண்டு. ஆனால் ஏரியில் தூர் வாரியதாகச் செலவு எழுதியிருக்கிறதே, எந்த மடைக்கு எதிரே எவ்வளவு வாரினீர்கள் என்று நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு பெண் எழுந்து கேட்டுவிட்டால், அந்தக் கூட்டத்தின் தன்மையே மாறிவிடுகிறது. மண்ணைத் தன் தலையில் சுமந்தவளுக்கு அளவு தெரியும். அவளிடம் பொய்க்கணக்குச் செல்லாது. பராந்தகன் காலத்து மண்டபத்தில் அவளுக்கு இடமில்லை, அவளுடைய பாட்டியின் பாட்டிக்கும் இல்லை. 2016-ல் தமிழகம் உள்ளாட்சி இடங்களில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கியபின், கேள்வி கேட்கும் அவளே அடுத்த தேர்தலில் தலைவராக அமர்ந்து, ஏரியின் கணக்கை ஊரார் முன் வாசிக்கவும் கடமைப்பட்டவள் ஆகலாம்.